மார்ட்டின் ஹோல்மின் வாவிப் படங்கள்

எனக்குக் கோபம் வருவதில்லை. செங்கலடிச் சந்தியில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரன் கோபப்பட்டால் கண்ணாடிதான் உடையும். நம் முகநூல் ஓவியக் குழுவின் சார்பில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

குழுவில் நான் போட்ட அந்தத் தோணிப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். அதை இணையத்தில்தான் கண்டெடுத்தேன். சும்மா எடுத்துப் போட்டுவிடவில்லை. மூலையில் இருந்த கையெழுத்தை அழித்து, பின்னால் நம் வாவியின் கல்லடிப் பாலத்தை வைத்து, கீழே நல்லரத்தினம் என்று என் பெயரை எழுதினேன். அதுவும் உழைப்புத்தானே. எல்லோரும் அருமை என்றார்கள். ஏறாவூர் ஷாமில் மட்டும் இப்படி எழுதினான்: "படம் வடிவு அண்ணன். ஆனா நம்மட வாவியில காலால துடுப்புப் போடுற ஆக்கள நான் இன்னும் காணல்ல. இவரு பர்மாக்காரர் மாதிரி இரிக்காரு."

பின்னேரத்துக்குள் ஊரே சிரித்தது. மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் ஒற்றைக் காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். என் மனைவி அன்னப்பூரணியும் சிரித்தாள். மனம் நொந்துபோனேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விமர்சனத்தை ஏற்கத் தெரிய வேண்டும் இல்லையா? "நன்றி தம்பி, கவனிக்கிறன்" என்று பதில் போட்டேன். கவனித்தேன்.

ஷாமில் தன் ஓவியங்களுக்கு என்னிடம்தான் சட்டம் போடுவான். சட்டமும் கண்ணாடியும் போட்டு முடியும்வரை ஒரு படத்தையும் யாருக்கும் காட்டமாட்டான். கண்ணூறு பட்டுவிடுமாம். ஆகவே அவன் கீறிய படம் எதையும் அவனுக்கு அடுத்து முதலில் பார்ப்பவன் நான்தான்.

அப்படித்தான் மார்ட்டின் ஹோல்ம் பிறந்தார். நோர்வேக்காரர். போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் மட்டக்களப்புக்கு வந்து வாவியிடம் மனதைப் பறிகொடுத்தவர். அவர் பெயரில் முகநூலில் ஒரு பக்கம் திறந்தேன். நரைத்த தாடியோடு ஒரு முகமும் இணையத்தில் கிடைத்தது. ஷாமிலின் படம் கடைக்கு வந்ததும் போனில் படம்பிடித்து அந்தப் பக்கத்தில் ஏற்றுவேன். பிறகு ஆறுதலாகச் சட்டம் போடுவேன். உன்னிச்சைக் குளக்கட்டு, இறால் தெரிவு செய்யும் பெண்கள், மழைக்குள் நிற்கும் பதுளை பஸ் எல்லாம் ஹோல்முடையதாயின. ஒரு படத்தின் ஓரத்தில் கடைப் பெயர் எழுதிய என் அளவுநாடாவும் விழுந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதானே இன்று வந்திருக்கிறீர்கள்.

ஷாமிலின் முதல் கண்காட்சிக்கு நகரத்தில் மண்டபம் எடுத்திருந்தார்கள். இருந்த வேலையை விட்டுவிட்டு அவன் கீறியதெல்லாம் அதற்குத்தான். திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஹோல்மின் பக்கத்தைக் குழுவில் பகிர்ந்தேன். ஒவ்வொரு படமும் ஷாமில் வெளியே காட்டுவதற்கு முந்திய திகதியில் அதில் இருந்தது. யாரையும் குற்றம் சாட்டவில்லை. "ஆராவது விளங்கப்படுத்துங்கோ" என்று மட்டும் கேட்டேன். மிச்சத்தை நீங்கள் எல்லோரும் எழுதினீர்கள். கள்ளன் என்று முதலில் எழுதியது நீங்கள்தான். தேத்தண்ணீர் ஆறுகிறது, குடியுங்கள்.

கண்காட்சி நின்றுபோனது. ஷாமில் கடைக்கு வந்து அழுதான். "அல்லாஹ் மேல ஆணையா நான் கீறினதுதான் அண்ணன். சாயம் காஞ்ச கையோட உங்களுக்கிட்டத்தானே தந்தன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

"எனக்குத் தெரியும் தம்பி. நான் சொன்னா ஆரு நம்புவான்?" என்றேன். விமர்சனத்துக்கெல்லாம் மனம் தளரக்கூடாது என்று தோளிலும் தட்டினேன். தூரிகைகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது தன் மச்சானின் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கிறான்.

அன்றே ஹோல்மின் பக்கத்தை மூடியிருக்கலாம். மனம் வரவில்லை. எங்கெங்கோ இருந்து எழுதுகிறார்கள். அந்தத் தண்ணீரில் கை நனைக்கலாம் போலிருக்கிறது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். வாசித்துவிட்டுக் கண் கலங்கினேன். இந்த வயதிலாவது என் ஓவியங்களை விளங்கிக்கொள்ள ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள்.

அடுத்த படம் எப்போது என்று கேட்கிறார்கள். நானும் அந்தத் தூரிகைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். என்ன காரணமோ தெரியவில்லை, ஷாமில் கீறுவதை நிறுத்தியதிலிருந்து எனக்கும் ஒன்றும் கீற வருவதில்லை.