கூண்டுக்குள் மணல்

பந்தயத்துக்கு முதல் வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பெயின்ட்டைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள், ஐயா. என் தங்கை வீட்டுக்காரரும் அப்படித்தான். பழைய வண்டிகள் கிடக்கும் கிடங்குக்குள் நுழைந்ததும் நேராக ஒரு சிவப்பு வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். அதை எடுத்துக் கதவில் வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பூசி மறைத்திருந்தார்கள்.

"நல்லவேளை மச்சான், நீங்க மட்டும் வரலேன்னா இதை என் தலையில கட்டியிருப்பானுங்க" என்றார்.

"மண்ணுல ஓட்டப் போற வண்டி மாப்பிள்ளை. அடி வாங்கத்தான் போகுது. அதுக்கு அழகு எதுக்கு?" என்றேன்.

ஓரத்தில் கிடந்த சாம்பல் நிற நாலு கதவு வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். பின்சக்கரம் தள்ளும் வண்டி. மண்ணில் வழுக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்கும். கீழே படுத்து, முன்னாலிருந்து பின்னால் வரை நூல் பிடித்துப் பார்த்தேன். அடிச்சட்டம் கோணாமல் இருந்தது. பார்க்க அழுமூஞ்சி, ஆனால் எலும்பு நல்ல எலும்பு. அந்த வண்டியைப் பற்றி இப்போதும் யாரும் குறை சொல்ல முடியாது.

நான் வெல்டர். வீட்டை ஒட்டியே பட்டறை. அம்மா அப்பா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியது நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெல்டிங் கண்ணாடி வழியாகப் பெண் பார்த்தால் எவள் தெரிவாள் என்று கூட்டாளிகள் கிண்டலடிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆன பிறகும் இருவரும் என் வீட்டிலேயே இருந்தார்கள். மாடியில் அவர்கள், கீழே நான். சாப்பாடு மூன்று பேருக்கும் ஒன்றாகத்தான். நான் பட்டறையிலிருந்து வராமல் அவள் தட்டை எடுக்க மாட்டாள்.

போன வருடம் மாப்பிள்ளைக்கு வெகுதூரத்தில் ஒரு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகலாம் என்றார்கள். தங்கை பயணப் பெட்டியில் எதெது கொள்ளும் என்று அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு வலித்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு வெகுநாளாக மண் பந்தயத்தில் ஓட்ட ஆசை. ஒரு சீசன் ஓட்டிவிட்டுப் போங்கள், வண்டி நான் கட்டித் தருகிறேன் என்றேன். கொஞ்சம் தூபம் போட்டேன், அவ்வளவுதான். பயணம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

கட்டியதில் ஒரு சோம்பலும் காட்டவில்லை. கண்ணாடிகளைக் கழற்றினோம். சீட்டு, தரைவிரிப்பு, எரியக்கூடியது எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். கதவுகளை வெல்ட் வைத்து மூடினேன். டேங்கை மோதல் எட்டாத இடத்துக்கு மாற்றினேன். இன்ஜினை முதல் வருடம் தொடக்கூடாது, முதலில் ஓட்டப் பழகட்டும் என்று சொல்லிவிட்டேன். பெல்ட் புதிது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அவர் தோளில் அதை இழுத்துக் கட்டியது என் கைதான்.

மிச்சம் கூண்டு. வண்டி புரண்டால் ஓட்டுபவரின் உயிரைக் காப்பது உள்ளே கட்டும் இரும்புக் கூண்டு ஒன்றுதான். கனத்த குழாயில் கட்ட வேண்டும். பந்தயத்துக்கு முன் பரிசோதகர் சின்னத் துளை போட்டுக் கனத்தை அளக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பரிசோதகரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். அவர் துளை போடுவதில்லை. சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்.

"ஓட்டை போட்டு எதுக்கு நல்ல கூண்டைக் கெடுக்கணும்? கனம் இருக்கா இல்லையான்னு என் காது சொல்லிடும்" என்பார்.

அவரைத் தண்டித்துவிடாதீர்கள். முப்பது வருடமாகத் தட்டுகிறார். ஆனால் நாற்காலி செய்யும் மெல்லிய குழாயிலும் மணலை இறுக்கி அடைத்துவிட்டால் அது கனத்த குழாய் மாதிரிதான் பேசும். மணல் எங்கள் பட்டறையில் எப்போதும் இருக்கும். குழாயை வளைக்கும்போது நசுங்காமலிருக்க உள்ளே மணல் அடைப்பது வழக்கம். வெள்ளை மணல். சலித்துக் காயவைத்து டப்பாவில் போட்டு வைப்பது தங்கை.

கால் பக்கத்துக் குழாய்களைத்தான் மெல்லியதாக வைத்தேன். ஒரு கால் முறிந்தால் ஒரு வருடம் வீட்டில் இருப்பார். வேலை கைவிட்டுப் போகும். அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை. புதிதாக ஓட்டுகிறவர் முதல் சீசனில் ஒருமுறையாவது புரளாமல் இருந்ததில்லை. காத்திருந்தால் போதும்.

ஐந்தாவது பந்தயத்தில் புரண்டார். எங்கள் பாதையில் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். புரளும் வண்டி வலப்பக்கமாகத்தான் புரளும். ஓட்டுபவர் உட்காருவதும் வலப்பக்கம். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நகம் பதிந்த தடம் மூன்று நாள் இருந்தது.

கழுத்துக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. கீழ் அறையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பேன். தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டுவேன். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மாப்பிள்ளையே, "உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன் மச்சான்" என்று அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டேன். எட்டு மாதம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவருக்கு நான்தான் ஊட்டினேன்.

விபத்து நடந்த அன்று மருத்துவமனையில் வெட்டி எடுத்த உடுப்பை ஒரு பையில் போட்டுத் தந்திருந்தார்கள். தங்கை அதை இத்தனை நாள் தொடவில்லை. போன வாரம் எடுத்து உதறியிருக்கிறாள். பந்தயப் பாதையின் மண் சிவப்பு. தரையில் கொட்டியது வெள்ளை மணல். அவள் கையால் சலித்த மணல் அவளுக்குத் தெரியாதா? நான் பட்டறையில் இருந்தேன். அவள் எழுந்து வந்து, பின்பக்கம் கிடந்த உடைந்த வண்டிக்குள் குனிந்து, கிழிந்த குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள்.

குழாய்களை வெட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், கால்தான் குறி என்றால் தலைக்கு மேலே போகும் குழாய் ஏன் மெல்லியது என்று. முதலில் கனத்த குழாய் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தீரவில்லை. ஆறடிக் குழாய் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மற்றதை எடுத்தேன். மணலும் அடைத்தேன். சாவதற்கென்று செய்யவில்லை. செத்திருந்தால் அவள் துக்கத்தில் எங்காவது போயிருப்பாள்.

புகாரில் இருப்பது அவள் கையெழுத்துதான். கோபத்தில் எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அக்கா வண்டி கொண்டுவந்து இருவரையும் அழைத்துப் போய்விட்டார், வீடு பூட்டியிருக்கிறது என்கிறீர்கள். போகட்டும். இரண்டு நாள் தாங்க மாட்டாள். அவரைத் தனியாகப் புரட்டிப் போட அவளால் முடியாது, நான் வேண்டும். அதற்காகத்தானே ஐயா இவ்வளவும்.