தானா உக்காந்த கை

— ...அந்தக் குட்டிச் சாவியை எங்கதான் வெச்சுத் தொலைச்ச?

— நான் எங்க வெச்சேன்? எந்தச் சாவி?

— ஸ்க்ரூ திருகுற வளைஞ்ச சாவி. அது இல்லாம ரெக்கார்டு பிளேயர்ல ஊசியைத் தாங்குற கையை ஒசத்த முடியாது.

— இருங்க... இந்தாங்க. என் பட்டன் டப்பாவுல இருந்துச்சு.

— பட்டன் டப்பாவுலயா? அங்க எப்படிப் போச்சு?

— எங்கயாவது கெடந்திருக்கும்... வேலையைப் பாருங்க.

— சரி, இப்படிக் குனிஞ்சு பாரு. கையோட முன்பக்கம் தூக்கிட்டு நிக்குதா?

— நிக்குது. சம்பந்தி வீட்டுல உங்க தம்பி நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்ன மாதிரி.

— உனக்கு அவனை இழுக்கலன்னா தூக்கம் வராது... ஊசி மாட்டுற இந்தப் புது கார்ட்ரிட்ஜ் பழசைவிட உயரம். பின்பக்கத்தையும் அதே அளவு ஒசத்தணும். அப்பத்தான் கை ரெக்கார்டு மேல மட்டமா இருக்கும். இல்லன்னா பாட்டு போர்வைக்குள்ளருந்து வர்ற மாதிரி கேக்கும்.

— பாத்துங்க. இதையும் ஒடிச்சிடாதீங்க.

— "இதையும்"னா? போன ஊசியை நானா ஒடிச்சேன்?

— ...பேச்சுக்குச் சொன்னேன்.

— ஊசிக்கு மூடி போட்டிருக்கேன், பயப்படாத. இந்தக் கோடு போட்ட அட்டையைப் பின்னால பிடி. கையும் கோடும் ஒண்ணா வந்தா சொல்லு. இப்ப அடியில இருக்குற ஸ்க்ரூவைத் தளர்த்துறேன்... அவ்வளவுதான்...

— ஐயோ!

— ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல. மூடி இருக்குல்ல.

— கை சரிஞ்சு கீழ உக்காந்துடுச்சு.

— நான் பிடிச்சுக்கல. அதான்.

— நீங்க சாவியை எடுத்துட்டீங்க. என் முழங்கை மேஜையில லேசா பட்டுது. அது பாட்டுக்கு உக்காந்துடுச்சு. ஊசி ஒடிஞ்ச அன்னைக்கு வீடு பெருக்க வந்த அந்தம்மா இதையேதான சொன்னாங்க? "மேஜையத்தான் தொடச்சேன் சார், அது தானா உக்காந்துடுச்சு"ன்னு?

— விடேன்.

— நீங்க என்ன கேட்டீங்க? "ஏன், அதுக்குக் கால் வலிச்சுச்சா?"ன்னு. அன்னைக்கு வந்திருந்த உங்க ஃப்ரெண்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

— அன்னைக்கு ஸ்க்ரூ இறுக்கமா இருந்துச்சு...

— இருந்துச்சா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

— இல்ல. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் தளர்த்தினேன். உயரத்தை மாத்துனா சத்தம் எப்படி வருதுன்னு பாக்கலாம்னு. நடுவுல ஃபோன் வந்துச்சு... பேசிட்டு திரும்ப இறுக்க மறந்துட்டேன். கை சும்மா ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு.

— எப்ப ஞாபகம் வந்துச்சு?

— அந்தம்மா அழுதப்பவே.

— அப்பவே சொல்லியிருக்கலாமே!

— எப்படிச் சொல்றது? ஃப்ரெண்டு முன்னாடி அந்தக் கத்து கத்திட்டேன். உடனே "நான்தான்"னு சொல்ல வாய் வரல. மறுநாள் சொல்லிக்கலாம்னு பாத்தா... நாளையிலருந்து வர வேண்டாம்னு சொன்னதும் நான்தான்.

— இப்ப மாடி வீட்டுலயும் அவங்களை நிறுத்திட்டாங்க. தெரியுமா?

— தெரியும்.

— மாடி வீட்டுக்காரங்களுக்கு யார் சொன்னது?

— ...படிக்கட்டுல பாத்தப்ப நான் சொன்னேன். சாமானை உடைச்சுட்டுப் பொய் சொல்றாங்க, பாத்துக்கோங்கன்னு.

— கடவுளே.

— அசிங்கமா இருக்கு. அதுக்கப்புறம் இந்தப் பிளேயர் பக்கம் வரவே கூசுது. புது ஊசி மாட்டினா சரியாயிடும்னு நெனச்சேன்... நீ போய்ச் சொல்றியா? நீ போனா முகம் குடுத்துப் பேசுவாங்க.

— என்னால முடியாது.

— ஏன்? நீ அவங்களை ஒரு வார்த்தை சொல்லலையே. உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான அழுதாங்க, "நீங்களாவது நம்புங்கம்மா"ன்னு?

— செருப்பைப் போடுங்க. மொதல்ல அவங்க வீடு, அப்புறம் மாடி வீடு. ரெண்டு பேருமே போவோம்.

— வேணாம், நானே போறேன். நீ எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?

— முந்தின நாள் நீங்க ஸ்க்ரூ திருகுனதை நான் பாத்தேங்க. காலையில சாவி பிளேயர் பக்கத்துலயே கெடந்துச்சு. நீங்க கத்த ஆரம்பிச்சதும், உங்க ஃப்ரெண்டு முன்னாடி உங்க மானம் போயிடுமேன்னு எடுத்து மறைச்சுக்கிட்டேன். அந்தம்மா என் ஒரு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்கல்ல... இன்னொரு கைக்குள்ள அந்தச் சாவி இருந்துச்சு.