பெர்னாருக்கு வாய்க்கட்டு

2007 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரி, குருசுக்குப்பம். மறுநாள் காலை, நகரத்தில் ஒரு பிராணி மருத்துவமனையில் செவிலி வேலைக்கு மரீனுக்கு நேர்காணல்.

பெர்னார்: …இன்னும் எவ்ளோ நேரம்டி நான் நாலு கால்ல நிக்கணும்?

மரீன்: நாய் பேசாதுண்ணே.

பெர்னார்: முட்டி வலிக்குது. சர்ச்சுல பூசை முடிஞ்சு அம்மா வந்துடப்போறாங்க. பெத்த புள்ளைய இந்தக் கோலத்துல பாத்தா…

மரீன்: பாக்கட்டும். நீ கேள்வியக் கேளு.

பெர்னார்: நாயும் நானே, டாக்டரும் நானேவா?

மரீன்: வேற யாரு இருக்கா? கேளு.

பெர்னார்: சரி. மத்மசேல் மரீன்…

மரீன்: தமிழ்ல! அந்த டாக்டரம்மா கடலூர்க்காரங்க.

பெர்னார்: ஏம்மா மரீன், இதுக்கு முன்ன ஒரு எடத்துக்குப் போனியாமே, அங்க ஏன் எடுக்கல?

மரீன்: அதெல்லாம் கேக்க மாட்டாங்க.

பெர்னார்: கேட்டா? சொல்லு, சொல்லு.

மரீன்: …அரும்பார்த்தபுரத்து நாய்கிட்ட ‘அஸ்ஸி’ன்னுட்டேன்.

பெர்னார்: பிரெஞ்சுல உக்காருன்னா அதுக்கு என்னடி தெரியும்?

மரீன்: பழக்கம்ணே! நம்ம வீட்ல நாய்கிட்ட பேசுனாலே பிரெஞ்சுதானே… அது உக்காரல. டாக்டர் கையில இருந்த கிளவுஸப் புடுங்கிட்டு ரோட்டுக்கு ஓடிடுச்சு.

பெர்னார்: தொரத்துனியா?

மரீன்: தொரத்துனேன். அப்பவும் பிரெஞ்சுலதான் கத்துனேன்.

பெர்னார்: ஐயோ… வயிறு வலிக்குதுடி…

மரீன்: சிரிக்காத! நாளைக்கும் வாய் தவறிச்சுன்னா அவ்ளோதான்.

பெர்னார்: என்ன அவ்ளோதான்? நவம்பர்ல பிரான்சுக்குப் போறோம், துலூஸுல அப்பாகிட்ட. ரெண்டு மாசத்துக்கு ஒரு வேலை… எதுக்கு இந்தப் பாடு?

மரீன்: சர்டிபிகேட் குடுப்பாங்க. அங்க போனா ஒதவும்.

பெர்னார்: ம்… அம்மாகிட்டயும் இதத்தான் சொன்னியா?

மரீன்: அடுத்த கேள்வி!

பெர்னார்: கொரைக்காத, கேக்குறேன். அடிபட்ட நாய் ஒண்ணு வருது. மொதல்ல என்ன பண்ணுவ?

மரீன்: மூஞ்சிக்கு நேரா குனிய மாட்டேன். பக்கவாட்டுல உக்காந்து, மெதுவா பேசி… இரு, செஞ்சே காட்டுறேன். அந்த பேண்டேஜ் துணி எங்க?

பெர்னார்: ஏய், எதுக்கு?

மரீன்: வாய்க்கட்டு. மூக்கு மேல ஒரு சுத்து… தாடைக்குக் கீழ ஒரு முடிச்சு…

பெர்னார்: எனக்கு மூக்கு அவ்ளோ நீளம் இல்லடி, விடு… ம்ம்! ம்ம்ம்!

மரீன்: ரெண்டு முனையும் காதுக்குப் பின்னால… கட்டியாச்சு. உக்காரு. பாத்தியா, உக்காருன்னேன்! தமிழ்ல!

பெர்னார்: ம்ம்.

மரீன்: சமத்து நாய். …அண்ணே.

பெர்னார்: ம்?

மரீன்: இப்ப உன்னால திட்ட முடியாதுல்ல?

பெர்னார்: ம்ம்ம்?

மரீன்: சர்டிபிகேட்லாம் சும்மா. நான் பிரான்சுக்கு வரல. வேலை கெடச்சா எதிர்வீட்டு சுலோசனாக்கா மாடியில தங்கிக்குவேன். கெடைக்கலன்னா… அம்மா என்னை இங்க தனியா விடவே மாட்டாங்க.

பெர்னார்: ம்ம்ம்ம்!

மரீன்: கையக் கீழ வை, இன்னும் முடிக்கல. அங்க மாமா கடையில துணி மடிக்கச் சொல்லுவாங்க. என்னால முடியாதுண்ணே. சீழ் வடியிற காதக் கழுவச் சொல்லு, நாள் பூரா கழுவுறேன்.

பெர்னார்: க்கும்! க்கும், க்கும்!

மரீன்: ஐயையோ, இருமலா? மூச்சு முட்டுற நாய்க்கு வாய்க்கட்டே ஆகாது. இரு, இரு… அவுத்துட்டேன். ம், திட்டு.

பெர்னார்: இருமலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவுப்பியான்னு பாத்தேன். பாஸாயிட்ட.

மரீன்: நாயே!

பெர்னார்: அதான் காலைலேருந்து. …சரி, அம்மாகிட்ட யார் சொல்றது?

மரீன்: நீதான். செல்லப்புள்ள நீதானே.

பெர்னார்: நான் மாட்டேன்.

மரீன்: அண்ணே, கெஞ்சிக் கேக்குறேன். அப்பா டிக்கெட் எடுத்துட்டாருன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

பெர்னார்: எடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு. என் பொட்டியிலதான் இருக்கு.

மரீன்: …மூணு பேருக்குமா?

பெர்னார்: இல்ல, ரெண்டுதான். அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. உனக்கு இங்கயே இருக்கத்தான் ஆசன்னு தெரிஞ்சு, உனக்கு எடுக்க வேணாம்னு நானும் அம்மாவும் போன மாசமே அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டோம்.