பன்னிரண்டாம் எண் குழாய்

முடிவு திரையில் வந்ததற்கும் நான் கையெழுத்துப் போட்டதற்கும் இடையில் பத்தொன்பது மணி நாற்பது நிமிடம் இருந்தது. அதில் ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன். பதற்றத்தில் செய்துவிட்டாள் என்று எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம். அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

இந்த விசாரணை அறையில் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள், மேடம். நல்லது. எனக்குப் பேசுவதைவிட எழுத வரும்.

விளையாட்டு விடுதியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு சன்னல், ஒரு இயந்திரம், இரண்டு குளிர்ப்பெட்டிகள். உயிர்வேதியியல் படித்தவள். நாலு பேர் நடுவில் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குழாய்களோடு அந்தத் தொல்லை இல்லை.

அணித் தேர்வு முடியும் நேரத்தில் அந்த உத்தரவு வந்தது. எண்ணூறு மீட்டர் ஓடும் பெண்களுக்கு ஆண் ஹார்மோன் அளவு பார்க்க வேண்டும். வரம்பு இரண்டரை. தாண்டினால் பெண்கள் பிரிவில் ஓட முடியாது. யாரை மனதில் வைத்து வந்த உத்தரவு என்று விடுதியில் எல்லோருக்கும் தெரியும். அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் அசிங்கமாக இருக்கும் என்று டாக்டர் பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தினார்.

அவளைக் கொக்கு என்று கூப்பிடுவார்கள். காலின் நீளத்தால் வந்த பெயர். திருநங்கை. நான்கு வருடமாக ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவள். தேர்வு ஓட்டங்களில் அவள் முதலிடம். என் தங்கை மூன்றாமிடம். அணியில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

நான் யாரையும் வெறுக்கிறவள் இல்லை. ஆனால் படித்ததை மறந்துவிட்டு வேலை பார்க்க முடியாது. மாத்திரை ரத்தத்தை மாற்றும். வளர்ந்து முடிந்த எலும்பைச் சுருக்காது. பெண்களுக்கென்று தனிப் பிரிவு எதற்காக இருக்கிறது? இந்தக் கேள்வியை நான் கேட்டேன். இன்றும் கேட்கிறேன். கேள்வியில் தவறில்லை.

ரத்தம் எடுத்த அன்று கொக்கு வரிசையில் கடைசியாக நின்றாள். அதனால்தான் அவளுக்குப் பன்னிரண்டாம் எண். குழாயில் பெயர் இருக்காது, எண் ஒட்டிய சீட்டு மட்டும். தனக்கு முன்னால் எல்லோரும் முடித்துக்கொண்டு போகட்டும் என்று நின்றவள், என் தங்கையின் முறை வந்ததும் முன்னால் வந்தாள். தங்கைக்கு ஊசி என்றால் உயிர் போகும்.

“குட்டி, அங்க பார்க்காதே. என் மூஞ்சியப் பாரு. பயந்தா இன்னும் பெரிய ஊசியா எடுக்கச் சொல்லுவேன்.”

“போடி கொக்கு.”

“அக்கா, குத்திட்டீங்களா? பார்த்தியா, குத்தியே முடிச்சாச்சு. இதுக்குப் போயி என் கையை இந்த அமுக்கு அமுக்குற. நாளைக்கு நான் எப்படிச் சோறு திங்கிறது?”

வரிசை முழுக்கச் சிரித்தது. தங்கையும் சிரித்தாள். அவள் ஓட்டத்தில் இந்த வருடம் ஏற்பட்ட முன்னேற்றம் கொக்குவால் வந்ததுதான். பயிற்சியில் முன்னால் ஓடியபடி, “என் முதுகை மட்டும் பார்த்து வா, குட்டி” என்று இழுத்துக்கொண்டு போவாள். இதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

கடைசியில் அவளே உட்கார்ந்து கையை நீட்டினாள். நரம்பு கயிறு மாதிரி தெரிந்தது.

“போன வருஷம் ஆறாவதா வந்தேன்க்கா. அப்ப ஒருத்தரும் என் ரத்தத்தைக் கேட்கலை. தோத்தா நான் பொண்ணு. ஜெயிச்சாதான் எல்லாருக்கும் சந்தேகம் வருது.”

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

பரிசோதனைக்கு முன் நான் ஒரு படிவம் நிரப்பினேன். உறவினர் யாரேனும் போட்டியில் இருக்கிறார்களா என்ற கட்டத்தில் ‘தங்கை’ என்று எழுதினேன். தெளிவான கையெழுத்து. யாரும் படிக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

மாலையில் முடிவு வந்தது. பதினொன்று வரம்புக்குள். ஒன்று மட்டும் எட்டு புள்ளி ஆறு. அது கொக்குவுடையது அல்ல. அவளுடையது பூச்சியம் புள்ளி ஏழு. பன்னிரண்டில் மிகக் குறைவானது அதுதான்.

அதை மூன்று முறை இயந்திரத்தில் திரும்ப ஓட்டினேன். மூன்று முறையும் எட்டு புள்ளி ஆறு.

பிறகு இயந்திரத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா தங்கையைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி இறங்கினாளாம். “பையனாப் பொறக்க வேண்டியது, தப்பிப் பொறந்து என் உசிரை வாங்குது” என்றாள். தினமும் சொல்வதுதான். சாப்பிட்டேன். தூங்கினேன்.

மறுநாள், முந்தைய மாலை இயந்திரம் எடுத்த அளவுகள் முழுவதையும் ‘அளவீட்டுக் கோளாறு’ என்று குறித்து நீக்கினேன். இரண்டு எண் சீட்டுகளை உரித்து இடம் மாற்றி ஒட்டினேன். குளிரில் சீட்டின் பசை இறுகியிருக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால் கிழியாமல் வரும். சேமிப்பில் வைக்கும் இரண்டாவது குழாய்களுக்கும் அப்படியே செய்தேன். மறுபடி ஓட்டினேன். பன்னிரண்டாம் எண், எட்டு புள்ளி ஆறு. கையெழுத்துப் போட்டேன்.

கொக்குவை ஓட்டத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆறு வாரத்தில் அளவைக் குறைத்துக் காட்டினால் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். டாக்டர் அவளுடைய மாத்திரையை இரட்டிப்பாக்கினார். என் தங்கை இரண்டாமிடத்துக்கு வந்தாள்.

கொக்கு என் கூடத்துக்கு ஒரு முறை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, மிஷின் தப்பாக் காட்டுமா?”

“காட்டாது.”

“அப்ப நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன். ஒரு மாத்திரைகூட விட்டதில்லைக்கா.”

இயந்திரம் தப்பாகக் காட்டாது என்பது உண்மை. நான் அவளிடம் பொய் சொல்லவில்லை.

அந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும்; அது மிதமிஞ்சினால் இதயம் நிற்கலாம். அதனால் வாரம் ஒரு முறை அளவு பார்ப்போம். முதல் வாரம் நான்கு புள்ளி எட்டு. அடுத்த வாரம் ஐந்து புள்ளி ஐந்து. மூன்றாவது வாரம் ஆறு புள்ளி நான்கு. அந்த எண்களில் நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஆறைத் தாண்டினால் உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சுவரில் ஒட்டியிருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் போன் செய்யவில்லை. தாளை அவருடைய மேசைத் தட்டில் வைத்தேன். அது வெள்ளிக்கிழமை மதியம். அவர் திங்கட்கிழமைதான் வருவார் என்று எனக்குத் தெரியும். போன் செய்தால் மாத்திரையை நிறுத்துவார். ஏன் இவ்வளவு ஏறியது என்று யோசிப்பார். பழைய ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்வார்.

திங்கட்கிழமை காலை தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தவள், இரண்டாவது சுற்றின் வளைவில் உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள். இதயம் நான்கு நிமிடம் நின்றிருந்தது. முதலில் ஓடிப்போய் அவள் நெஞ்சை அழுத்தியது என் தங்கை. அந்த அழுத்தத்தில்தான் பிழைத்தாள் என்றார்கள்.

இப்போது பேசுகிறாள். பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஓட மாட்டாள்.

மருத்துவமனையில் பார்த்த அவளுடைய ரத்த வகையும் எங்கள் சேமிப்பில் பன்னிரண்டாம் எண் குழாயில் இருந்த ரத்த வகையும் ஒத்துப்போகவில்லை. அப்படித்தான் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வரம்புக்குள் இருந்தவர்களின் குழாய்களை முப்பது நாளில் அப்புறப்படுத்திவிடுவோம். ஆகவே அந்த ரத்தம் யாருடையது என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

இந்தக் கடைசிப் பக்கத்தை நீங்கள் மற்றதைப் படித்த பிறகு எழுதுகிறேன். நீங்கள் தாள்களை அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

“எல்லாம் எழுதியிருக்கீங்க. அந்தக் குழாயில இருந்த ரத்தம் யாரோடதுன்னு மட்டும் எழுதலையே?”

“அந்தப் பொண்ணு எந்தத் தப்பும் பண்ணலை, மேடம். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. அவ உடம்பு தானாச் செய்யுது. அவளுக்கே தெரியாது. பிறந்தது அப்படி. அதுக்காக நீ பொண்ணே இல்லைன்னு மைதானத்தை விட்டு விரட்டினா அது நியாயமா?”

நான் இவ்வளவு நீளமாகப் பேசி நீங்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

“இதையே கொக்குவுக்கும் சொல்லலாமே?” என்றீர்கள்.

“அது வேற, மேடம்.”

அந்த ரத்த வகை உள்ள ஐந்து பெண்களும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவும், ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்கப் போவதாகவும் சொன்னீர்கள். உடம்பையும் பரிசோதிப்பார்களாம். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான்கு பேர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் முழங்கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இந்த முறை பிடித்துக்கொள்ள அவளுக்குக் கொக்குவின் கை இல்லை.

நான் எழுந்து நின்றேன். நாக்கு ஒட்டவில்லை.

“யாரையும் குத்த வேண்டாம், மேடம். அவ பொண்ணுதான். அதை யாரும் சோதிச்சுப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ரத்தம் என் தங்கச்சியோடது.”