பத்துப் புளியமரம்

ஆம்பூர்–வேலூர் மோட்டார் பஸ் வந்த புதிது. எனக்கு முன்சீட்டில் தோல் பதனிடும் ஷாப்புக்காரர் ஒருவரும் அவர் சம்சாரமும். தோல் ஊறும் தொட்டியின் வாசனை ஆளைச் சொல்லிவிடும். என் அண்ணனும் அப்படித்தான் மணப்பான். வேலூரில் அவர்கள் மகளுக்கு வளைகாப்பு.

"டிரைவரே, நிறுத்துப்பா. எனக்கு ஒண்ணுக்கு வருது."

"மாதனூர்ல இப்பத்தானே எறங்கின பெருசு?"

இறங்கிய பிறகு புதர்ப்பக்கம் போனது அந்தம்மாள்தான். அவர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பியதும் அவள் கிசுகிசுத்தாள்.

"எனக்காக நீ ஏன்யா பேச்சு வாங்கற?"

"வுடு மே. வளைகாப்புக்கே வரலன்னு அழுதியே, அதுக்கு இது தேவலை."

"காலைலேர்ந்து தண்ணிகூட குடிக்கலய்யா."

"அதான் தப்பு. தண்ணிய ரொம்ப கம்மி பண்ணாதன்னாங்க டாக்டரம்மா. வந்தா ஒடனே ஓடாம, கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போடணுமாம். அடுத்த தபா பத்து புளியமரம் எண்ணு."

கூஜாவைத் தூக்கி, தானே முதலில் மடமடவென்று குடித்துக் காட்டினார். அவளும் இரண்டு வாய் குடித்தாள்.

பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் உதடு அசைந்தது. பத்தும் போய், முப்பதும் போயிற்று.

"அடங்கிடுச்சுய்யா!"

அவர் சீட்டில் நெளிந்தார்.

"டிரைவரே, நிறுத்துப்பா."

டிரைவர் சிரித்தாரே தவிர, நிறுத்தவில்லை.

"மெய்யாலுமே எனக்குத்தான் மே வருது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணுய்யா. பத்து மரம்தான்."