ஈர ரோட்டில் ஏழு மீட்டர்

என் கையில் ஏன் அளக்கிற டேப் இருந்தது என்று கேட்டீர்கள். இருபத்தாறு வருஷமாக டயர்க்கடை வைத்திருப்பவன் சட்டைப்பையில் வேறு என்ன இருக்கும், சார்? ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

எனக்கு இரண்டு மாப்பிள்ளைகள். எதை எடுத்தாலும் போட்டி. பெரியவர் வெள்ளைக் கார் வாங்கினார். அடுத்த வாரமே சின்னவர் அதே கார், அதே வெள்ளை. அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் சாப்பாட்டு மேஜையில் வந்தது. வெயில், மழை எல்லாவற்றுக்கும் ஓடும் ஆல் சீசன் டயரில் மலிவானதற்கும் உயர்ரகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ரசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். சின்னவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "டயர்ல என்ன மாமா இருக்கு? எல்லாம் ஒரே ரப்பர்தான். பேரை அச்சடிச்சு விக்கிறாங்க."

பக்கத்தில் இருந்த என் சின்ன மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

கை கழுவும்போதே யோசனை வந்துவிட்டது. ஒரே கார், ஒரே வயசு, ஒரே ரோடு. இப்படி ஒரு ஜோடி எந்தச் சோதனைக்கூடத்துக்கும் அமையாது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேருக்கும் புது டயர் என் அன்பளிப்பு என்று சொல்லி, பெரியவர் காருக்கு நாலும் உயர்ரகம், சின்னவர் காருக்கு நாலும் கடையிலேயே மலிவானது என்று மாட்டினேன். சின்னவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பார்த்து ஓட்டுவார், சோதனை கெட்டுவிடும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் குனிந்து படித்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மலிவு டயரைக் குறை சொல்ல மாட்டேன். காய்ந்த ரோட்டில் சொக்கத்தங்கம். இரண்டு காரிலும் உட்கார்ந்து பார்த்தேன். இரைச்சல் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சின்னவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, வண்டி சும்மா மிதக்கிறது என்றார். சிரிப்பை அடக்க நான் இருமவேண்டியிருந்தது. ஈரத்தில் பிரேக் போட்டால்தான் குட்டு வெளிப்படும். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல தினமும் ஜன்னலைத் திறந்து மேகம் பார்த்தேன்.

மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை, என் தங்கையின் புது வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரையும் கிளப்பினேன். பெரியவர் கார் முன்னால், அதில் நான். சின்னவருக்கு வழி தெரியாது. "ஒட்டியே வாங்க மாப்பிள்ளை, விட்டுட்டா அப்புறம் தேடணும்" என்றேன். எடை சமமாக இருக்கவேண்டுமல்லவா? தங்கை வீட்டுத் தோட்டத்துக்கு என்று சொல்லி, சின்னவர் டிக்கியில் என் எடைக்குச் சரியாக மணல் மூட்டைகளை ஏற்றினேன். நியாயம் என்றால் நியாயமாக இருக்கவேண்டும்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு நேராக இருந்தது. எதிரே வண்டி இல்லை. நாய், நாய் என்று பெரியவரின் தோளைத் தட்டினேன். அவர் பிரேக்கை மிதித்தார். எங்கள் கார் ஆணி அடித்தாற்போல நின்றது. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. சின்னவர் எங்கள்மேல் மோதாமல் ஒடித்து விலகி, எங்களைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போனார். ஏழு மீட்டர். பாலத்துச் சுவர் குறுக்கே வந்துவிட்டது. இல்லாவிட்டால் முழு அளவும் கிடைத்திருக்கும். பெரியவர் அந்தக் காரை நோக்கி ஓடினார். கூட்டம் சேர்ந்தால் அளக்க முடியாது என்று நான் டேப்பை எடுத்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய், ஏழு மீட்டர் என்று சின்னவரிடம் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சில் தோற்றவர்கள் அப்படித்தான் திரும்பிக்கொள்வார்கள். பெரியவர்தான் பாவம். ஒரு நாய்க்காகப் பிரேக் போட்டு மச்சினியைக் கொன்றுவிட்டேனே என்று அன்ன ஆகாரமில்லாமல் அழுகிறார். நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள், சார். நாய் எதுவும் வரவில்லை.

என் சோதனையில் குறை என்றால் ஒன்றுதான்: பின்காரில் ஓர் ஆள் எடை கூடிவிட்டது. வீட்டில் இருக்கிறேன் என்று சொன்ன சின்ன மகள், கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து அதில் ஏறிக்கொண்டாள். மூன்று தடவை இறங்கச் சொன்னேன். "நீங்க மட்டும் ஊர் சுத்துவீங்களாப்பா?" என்று சிரித்தாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாள். ஆனால் சின்னவர் காதில் விழுந்திருக்கும். சின்ன வயசிலிருந்தே அவள் அப்பா பேச்சைக் கேட்டதில்லை, சார்.