வலி விட்ட பின்னும் முதுகை விடாத ராடோய்கா அம்மையாருக்கு

மொராவித்சா ஆற்றங்கரை மறுவாழ்வு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவை முப்பத்தோராண்டு தாங்கிய தகைமையே! வளைந்து வந்தோரை வழியனுப்பும்போது நிமிர வைத்த வல்லமையே! நோகாமல் தொடும் கையும் நொந்தவர் மனம் கோணாமல் கேட்கும் சொல்லும் ஒருங்கே வாய்த்த எங்கள் ராடோய்கா அம்மையாரே! உங்களோடு உண்டு, உழைத்து, உங்களிடம் திட்டும் வாங்கிய நாங்கள் எழுந்து நின்று வாசிக்கும் மடல் இது.

இடுப்புவலிக்காரர்களின் இயல்பு ஊரறிந்தது. வலிக்கும்வரை நம் பேச்சு வேதவாக்கு. வலி விட்ட மறுநாளே நாம் யாரோ, அவர் யாரோ! பிடித்த இடுப்பைத் தளர்த்துவது ஒரு வேலை என்றால், தளர்ந்த இடுப்புக்கு உரியவரைப் பயிற்சியில் நிறுத்தி வைப்பது ஒன்பது வேலை. அந்த ஒன்பதையும் சலிக்காமல் செய்தவர் நீங்கள். எப்படிச் செய்தீர்கள் என்பதற்கு வெலிசாவின் கதை ஒன்றே போதும். வெலிசாவும் அவர் மனைவி மிலுங்காவும் மனமுவந்து சம்மதித்ததால் சபையில் சொல்கிறோம்.

வெலிசாவ் மலைச்சரிவில் ராஸ்பெர்ரி பயிரிடுபவர். இலையுதிர்காலத்தில் ஒரு நாள், கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். வசந்தத்துக்குள் குனிந்து கொடிகளைக் கட்ட முடியாவிட்டால், செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு வியன்னாவில் மகன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தார். "அங்க போய் என்னத்தப் பண்ணுவேன் சிஸ்டர்? மூணாவது மாடியில உக்காந்து போற வர்ற டிராமை எண்ண வேண்டியதுதான்" என்று சிரித்தார். சொல்லி முடிக்கும் முன்பே அவர் கண் கலங்கிவிட்டது. அந்தத் தோட்டம் அவர் தம் கையால் நட்டது.

தரையில் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்து, விரித்துக்கொள்ள ஒரு பாயும் கொடுத்தனுப்பினீர்கள். வரும்போதெல்லாம் "செஞ்சீங்களா?" என்று கேட்டீர்கள். "விடாம செஞ்சேன் சிஸ்டர்" என்றார் அவர். இடுப்போ பலகையாகவே கிடந்தது. "இவர் சொல்றது ஒண்ணு, இவர் முதுகு சொல்றது ஒண்ணு" என்று எங்களிடம் வந்து நீங்கள் பொருமியது இன்னும் காதில் இருக்கிறது.

நவம்பரில் வெலிசாவின் குடும்பத்துப் புனிதரின் திருநாளான ஸ்லாவா வந்தது. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நினைவிருப்பவர் போவதுதான் முறை. நீங்களும் போனீர்கள். வருவோர்க்கெல்லாம் முதலில் தரும் இனித்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு திரும்பினால், நீங்கள் கொடுத்த பாயில் நாய் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது!

"அது பாவம்மா, தரை ஜில்லுன்னு இருக்குன்னு நான்தான் போட்டேன்" என்றார் மிலுங்கா.

"அப்போ உங்க வீட்டுக்காரர் எதுல படுத்துப் பயிற்சி செய்யறாரு?"

"தரையிலயா? இந்தக் குளிர்லயா? நல்லா இருக்கே! இடுப்பு போனதே போதும், கிட்னியும் சேர்ந்து போகணுமா? நான் உயிரோட இருக்கறவரைக்கும் இந்த வீட்டுல யாரும் தரையில படுக்க மாட்டாங்க."

வெலிசாவ் கையிலிருந்த ரக்கியா மதுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் ஏன் செஞ்சேன்னு சொன்னீங்க?" என்று கேட்டீர்கள். "நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க சிஸ்டர். இல்லைன்னு சொல்ல வாய் வரல."

வேறொருவர் என்றால் அந்த விருந்திலேயே குளிருக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பெடுத்திருப்பார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். குளிர் ஏறிவிடும் என்று உங்கள் பிள்ளைகளைத் தேவாலயக் கல்படியில் ஒரு நொடி உட்காரவிடாத தாய் அல்லவா நீங்கள்! சிரித்து முடித்து, படுத்துச் செய்வதையெல்லாம் கட்டிலுக்கு மாற்றினீர்கள். மற்றவற்றை நின்றபடி செய்வதாக்கி, காலைக் காபி அடுப்பில் இருக்கும் நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள். காவலுக்கு மிலுங்காவையே நிறுத்தினீர்கள். "அவர் மேசையைப் பிடிச்சுக்கிட்டு செஞ்சாத்தான் காபி" என்றீர்கள். "அதை எங்கிட்ட விடுங்க!" என்றார் மிலுங்கா. அன்றோடு அந்தப் பயிற்சி மீது அவருக்கு இருந்த பகை தீர்ந்தது.

அதன்பின் "செஞ்சீங்களா?" என்ற கேள்வியை நம் பிரிவில் யாரும் கேட்கக் கூடாதென்று தடுத்தீர்கள். "இந்த வாரம் எதைச் செய்ய முடியல?" என்று கேட்கச் சொன்னீர்கள். அப்படிக் கேட்ட பிறகுதான் உண்மைகள் வந்தன. ஒருவருக்கு வலித்துவிடுமோ என்ற பயம், ஒருவருக்கு மருமகள் பார்ப்பாளே என்ற கூச்சம், ஒருத்திக்குப் படுத்தால் தூக்கம்தான் வருகிறது. பயிற்சியை விடுபவர் சோம்பேறி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விட்டதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் சிகிச்சைதான் என்று உங்களிடம் கற்றோம்.

வசந்தத்தில் வெலிசாவ் கொடிகளைக் கட்டினார். கதை அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! மறு ஆண்டு களைகொத்தும்போது இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. வெட்கம் தாளாமல் அவர் நம் பக்கமே வரவில்லை. சந்தையில் உங்களைக் கண்டதும் முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் நழுவினார். நீங்கள் விடுவீர்களா?

"என்ன வெலிசாவ், கண்ணாமூச்சி ஆடுற வயசா இது?"

"உங்க பாடெல்லாம் வீணாப் போச்சு சிஸ்டர். திரும்பப் புடிச்சிருச்சு. மகன்கிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

"திரும்பப் புடிச்சா திரும்ப ஆரம்பிக்கணும், அவ்வளவுதானே? இதுல தோத்தது யாரு? நாளைக்குக் காலையில வாங்க. மகன்கிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் காலையில் வந்தார். அன்று நீங்கள் அவரைக் கண்டும் காணாமல் போயிருந்தால், அந்தச் சரிவு இன்று வேறொருவர் கையில் இருந்திருக்கும்.

அன்புக்குரியவரே! ஓய்வு உங்களுக்கு உறக்கத்தையும் உலாவையும் ஒருசேரத் தரட்டும்! கண்ணொளி குன்றாது, கால்வலி அண்டாது, பேரப்பிள்ளைகளின் பின்னால் ஓடும் அளவுக்குப் பலமும், அவர்களைத் திட்டும் அளவுக்குக் குரலும் நிலைக்கட்டும்! உங்கள் முதுகு எப்படி இருக்கிறதென்று இனி நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.

இந்த அரங்கின் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வெலிசாவுக்குப் போட்டது. காலையில் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினோம். மிலுங்காதான் எடுத்தார். "அவரா? விடிஞ்சதுலேர்ந்து மேல் சரிவுல குனிஞ்சு பறிச்சுக்கிட்டு இருக்காரு. விழாவுக்குக் கிளம்புங்கன்னா, இன்னைக்கு விட்டா பழம் உதிர்ந்துடும்ங்கறாரு. சிஸ்டர் கோவிச்சுக்க மாட்டாங்களாம், சொல்லச் சொன்னாரு."

அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு எழுத வரவில்லை, அம்மையாரே.

நன்றி மறவாத,
இயன்முறைப் பிரிவின் பணித்தோழர்கள்